ஐஸ் கம்பெனிகளின் ஒற்றுமை

"நாலு ஐஸ் கம்பெனியும் சொல்லிவெச்ச மாதிரி ஒரே ரேட்டு ஏத்திட்டாங்க மேடம். ஐஸ் இல்லாம மீனை அழுகவா விட முடியும்?" கடலூர் துறைமுகத்தில் மீன் வியாபாரி புஷ்பவள்ளி பொரிந்து தள்ளினாள்.

"கூடிப் பேசி ஏத்தறது குத்தம்க்கா. அதுக்குச் சட்டமே இருக்கு, புகார் கொடுங்க" என்றாள் சிதம்பரத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த ஜான்சி.

"முன்னெல்லாம் அவுங்க ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க மாட்டாங்க. எந்தப் புண்ணியவான் ராசியாக்கிவிட்டானோ!"

ஒரே லாரியில் ஐஸ் அனுப்பினால் செலவு குறையும், விலையும் குறையும் என்று போன வருஷம் நால்வரையும் சிதம்பரத்துக்கு அழைத்து, பிரியாணி போட்டுப் பேசவைத்தவள் ஜான்சிதான்.

புஷ்பவள்ளி விடவில்லை. "அவுங்களுக்குள்ள மறுபடி சண்டை மூட்டிவிட ஏதாச்சும் ஆராய்ச்சி இருக்கா மேடம்?"