படுக்கையறைச் சுவர் வழக்கு

கோர்ட்டில் வாய் கிழியப் பேசுகிற வக்கீல், வீட்டில் ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை. படுக்கையறைச் சுவர் விஷயத்திலாவது ஜெயித்துக் காட்டுவது என்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டார்.

"கட்டிலுக்கு எதிர்ச் சுவருக்குக் கருநீலம்தான் அடிக்கணும்," என்றாள் மனைவி.

"கரும்பச்சைதான்! கண்ணுக்கு எவ்வளவு குளுமை!"

பெயிண்டர் இரண்டையும் சுவரில் கொஞ்சம் பூசிக் காட்டினார். "எதை அடிச்சாலும் ரூம் இருட்டாத்தான் இருக்கும் சார். சீக்கிரம் சொல்லுங்க, பிரஷ் காயுது."

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். கருநீலத்தில் தூசி தெரியும், கொசு தெரியாது, படுத்தால் கிணற்றுக்குள் கிடக்கிற மாதிரி இருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார். மனைவி அதிசயமாகக் குறுக்கே பேசவில்லை.

"சரிங்க, சுவரு உங்க இஷ்டம். பச்சையே அடிச்சுக்கோங்க."

வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை. மொட்டைமாடிக்கு ஓடிப்போய்த் தம்பிக்கு போன் போட்டார். "உங்க அண்ணி சரண்டர்டா!"

அடுத்த மாதம் ஒருநாள் கோர்ட்டிலிருந்து வந்தவர், படுக்கையறை வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே தச்சர் புது அலமாரியைப் பொருத்தி முடித்திருந்தார். எதிர்ச் சுவரை முழுக்க மறைத்தபடி தரையிலிருந்து கூரை வரை, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே கருநீலம். பச்சை மருந்துக்குக்கூடக் கண்ணில் படவில்லை.

"இதை எப்போ ஆர்டர் கொடுத்தே?"

"நீங்க மாடியில தம்பிகிட்ட பேசிக்கிட்டிருந்தீங்களே, அப்போ."

"அப்போ நான் ஜெயிச்சது?"

"யாரு இல்லேன்னது? தீர்ப்பு சுவருக்குத்தானேங்க, அலமாரிக்கு இல்லியே!"