டேப்பில் இருந்தது

"எதுவுமே மிஞ்சலியாம்மா?" அண்ணனின் குரல் உடைந்திருந்தது.

தங்கை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காலையில் வந்து பார்த்தபோது யூனிக்ஸ் சர்வரின் டிஸ்க் துடைத்துவிட்டாற்போல் காலியாகக் கிடந்தது. மருந்துகளைச் சோதிக்கும் அவர்களுடைய ஆய்வுக்கூடத்தின் அத்தனை முடிவுகளும் அதில்தான் இருந்தன.

"டிஸ்க்ல இல்லண்ணா. ஆனா தினம் ராத்திரி டேப்ல ஒரு நகல் எடுத்து வைக்கறோமே, அதுல இருக்கும். நீங்க கவலைப்படாதீங்க."

முன்னறையில் விசாரணை அதிகாரிகள் காத்திருந்தார்கள். ஒரு காய்ச்சல் மருந்தைக் குடித்த குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். சிலர் வீடு திரும்பவே இல்லை. அந்த மருந்து நல்ல மருந்துதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அண்ணன். தெருவில் அவர் தலையைக் கண்டாலே ஜனங்கள் காறித் துப்பினார்கள்.

சோதனை இயந்திரம் பதிந்த அளவுகளைக் காட்டிவிட்டால் அத்தனை வாயும் அடைபட்டுவிடும் என்று அவள் நம்பினாள்.

சர்வர் அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத அண்ணன், போன வாரம் அவளிடம் வந்து நின்றார். "எதுக்கு இத்தனை டேப்பு? இருக்கற பழசையே ரீவைண்ட் பண்ணி மேல மேல எழுதிக்க. எழுதினதைத் திரும்பப் படிச்சுப் பாக்கற செட்டிங்கையும் எடுத்துடு. மெஷின்தான் தேயுது."

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எதையும் மாற்றவில்லை. செலவைக் கண்டு பயப்படுகிறார், பாவம், என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது டேப்பைச் செருகினாள். சுழன்றது, முனகியது, நின்றது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது.

"விட்டுடும்மா," என்றார் அண்ணன் மெதுவாக. "உன்னால ஆனதைப் பண்ணிட்ட. உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

எவ்வளவு பெருந்தன்மை! இவரையா ஊர் இப்படிப் பேசுகிறது?

சட்டென்று உறைத்தது. இந்த டேப்பை எழுதியது, டேப்பை ஓட்டும் பழைய டிரைவ்; அதை மாற்றியாகிவிட்டது. பழையது எந்த அளவுத் துண்டுகளாக எழுதியதோ, புதியதும் அதே அளவில்தான் படிக்க வேண்டும். பிளாக் அளவைப் பழையபடி மாற்றிவிட்டு மறுபடி ஓடவிட்டாள்.

டேப் நிற்காமல் ஓடியது. ஃபைல்களின் பெயர்கள் திரையில் மளமளவென்று ஏறின.

அவள் உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். "வாங்க சார். அந்த மருந்தோட ரிசல்ட் அப்படியே இருக்கு. நீங்களே படிச்சுப் பாருங்க."

முன்னறையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

திரும்பினாள். அண்ணன் தரையில் சரிந்து உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைத் தொட்டாள்.

"எதுக்குண்ணா அழறீங்க? அதான் எல்லாம் திரும்ப வந்துருச்சே."

"அதுக்குத்தாம்மா அழறேன்."