முப்பத்திரண்டாம் நம்பரின் துணி

கடைக்காரி கறுப்புத் துணியைக் கொடுத்தாள். கறுப்பு வெயிலைக் குடிக்கும் என்று கிழவர் தள்ளினார்.

வெள்ளையைக் கொடுத்தாள். கல் தூசியில் அரை நாள்கூடத் தாங்காத வெள்ளையை யார் தலையில் கட்டப் பார்க்கிறாய் என்று முறைத்தார்.

தலைவழியாக மாட்டிக் கழுத்தில் இறக்கிவிட்டு, வேண்டும்போது மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்ளும் குழாய்த் துணி. ஜல்லி உடைக்கும் கம்பெனியின் கேட்டுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் அதுதான் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. கிழவர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாயில் வைத்து ஊதிக்கூடப் பார்த்தார். கடைக்காரி சொன்னதில் ஒன்றையும் நம்பவில்லை.

வெயிலும் தூசியும் சும்மா பேச்சுக்கு. அவருக்கு வேண்டியது நிறம்.

மகன் படுத்து இது மூன்றாம் நாள். இருமினால் கட்டிலே ஆடுகிறது. இருமுகிறவனைக் கம்பெனி உள்ளே விடாது. மூன்று நாள் வராதவன் பெயரை அடித்துவிடும். ஏழு மணிச் சங்குக்குள் முப்பத்திரண்டாம் நம்பர் டோக்கன் கேட்டைத் தாண்டியாக வேண்டும். இல்லையென்றால் வேலை போயிற்று. மருந்தும் போயிற்று.

மகன் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அவன் சட்டையை மாட்டிக்கொண்டார். டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டார். அப்பனும் மகனும் ஒரே அச்சு. உயரம், தோள், கொஞ்சம் இடது பக்கம் சாய்கிற நடை. முகத்தில் மட்டும்தான் முப்பது வருஷம் இடித்தது.

அதற்கும் வழி இருந்தது. கேட்டில் நுழைகிறவர்கள் கண்ணை மட்டும் விட்டு மூடிக்கொண்டுதான் போகிறார்கள். முகம் தெரியாத இடத்தில் துணியின் நிறம்தான் முகம். வாட்ச்மேன் நிறத்தைப் பார்ப்பான், டோக்கனைப் பார்ப்பான், தலையை ஆட்டுவான். நேற்றுக் காலை எதிரே குந்தி உட்கார்ந்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

மகனுடைய துணிதான் வீட்டில் இல்லை. பெட்டி, கொடி, கட்டிலடி எல்லாம் புரட்டியாயிற்று. எவனோ அமுக்கிவிட்டான். இவனைப் போல ஏமாந்த சோணகிரி கிடைத்தால் விடுவார்களா?

சங்குக்குப் பத்து நிமிஷம்.

பச்சையை மாட்டிக் கண்ணுக்குக் கீழே வரை ஏற்றினார். நீலமாக இருந்தால்? கோடு போட்டதாக இருந்தால்? மகனைப் பற்றி யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று இருந்தவர் திறந்துவிட்டார்.

"ஏம்மா, முப்பத்திரண்டாம் நம்பர் பையன் எந்தக் கலர் போடுவான்?"

"அவனா?" கடைக்காரி சிரித்தாள். "அவன் எங்க பெரியவரே போட்டான்! ஊரே திருடன் மாதிரி மூடிக்கிட்டுப் போகும். இவன் ஒருத்தன் மட்டும் மாப்பிள்ளை மாதிரி மூஞ்சியக் காட்டிக்கிட்டுப் போவான். வாட்ச்மேன் அவன்கிட்ட டோக்கன்கூடக் கேக்க மாட்டாரு."

கிழவர் தொங்கிய துணிகளைப் பிடித்துக்கொண்டார். பச்சை, நீலம், காவி, கோடு போட்டது. இத்தனை துணியில் எதைப் போட்டாலும் அது முப்பத்திரண்டாம் நம்பர் இல்லை.

"ஏனாம்?" குரல் துணிக்குள்ளேயே நின்றது.

"சேர்ந்த அன்னைக்கு ஒண்ணு ஆசையா வாங்கிட்டுப் போனான். மறுநாளே கொண்டுவந்து போட்டுட்டான். 'புதுப்பொண்ணாடா நீ, முக்காடு போட்டுக்கிட்டு வேலைக்குப் போக'ன்னு வீட்டுல சிரிச்சாங்களாம். பாவம், ரோஷக்காரப் பையன்."

சங்கு ஊதியது. முகமில்லாத வரிசை ஒன்று கேட்டுக்குள் நகர்ந்தது. வாட்ச்மேன் கடைசி ஆளையும் விட்டுவிட்டுச் சாலையை ஒருமுறை இப்படியும் அப்படியும் பார்த்தான். பிறகு கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினான்.

"பச்சை வேணாம்னா கழட்டிக் கொடுங்க பெரியவரே" என்று கடைக்காரி கையை நீட்டினாள்.

கிழவர் கழற்றவில்லை. துணியை இன்னும் மேலே, கண்ணும் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான்.