சீசரின் வருத்தம்

குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் ‘கிளிக்’ என்றது. மறுபடியும் ஒரு ‘கிளிக்’. மாடிப்படியில் உடுப்புக் கூடையோடு நின்ற இம்மாகுலேற் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

கதவு திறந்தது. நெற்றியெல்லாம் வேர்வையோடு கணவர் செபமாலைமுத்து வெளியே வந்தார். ஒரு கையில் போன். மறு கையில், மகள் படிக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போன பச்சோந்தி சீசர்.

“சீசருக்குத் திரும்பவும் வெளியில வந்திட்டுது,” என்றார், இரங்கல் கூட்டத்தில் பேசும் குரலில். “படமெடுத்து டொக்டருக்கு அனுப்பீட்டன். சீனி போட்டு உள்ள தள்ளியாச்சு.”

“ஓணானைப் படமெடுக்க பாத்றூமைப் பூட்ட வேணுமோ?”

“அதுக்கும் ஒரு மரியாதை இருக்கெல்லோ?”

நோர்பரித் தமிழ்க் கத்தோலிக்கப் பங்குச் சபைத் தலைவரான அவருக்கு மரியாதைதான் மூச்சு. அவர் நன்றியுரை சொல்ல எழும்பினால், பின்னால் தட்டில் இருக்கும் றோல்ஸ் ஆறிப்போகும். அப்படிப்பட்டவர் ஓர் ஓணானின் பின்பக்கத்துக்காக இப்படி உருகுவதை இம்மாகுலேற்றால் நம்ப முடியவில்லை.

முதல் தடவை வந்தது உண்மைதான். குளிர்காலத்தில் சீசருக்குப் பின்பக்கத்தால் குடல் சிவப்பாகப் பிதுங்கியபோது, இருவருமாகத்தான் தோர்ண்டன் ஹீத்துக்கு ஓடினார்கள். மிருக வைத்தியர் மிதுஷா, சிரித்தால் கன்னத்தில் குழி விழும் பெட்டை, சீனித் தண்ணீரால் வீக்கத்தை வற்ற வைத்து, உள்ளே தள்ளித் தையலும் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் குடல் வருத்தம் திரும்பத் திரும்ப வந்தது. பெரும்பாலும் இம்மாகுலேற் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தது. செபமாலைமுத்துவும் சேர்ட்டை மாற்றிக்கொண்டு தனியாகவே மிதுஷாவிடம் ஓடினார்.

இருமலுக்குக்கூடக் குடும்ப வைத்தியரான ஜிபியிடம் போகாத மனிதர் அவர். “அங்க போன் எடுக்கிறது எங்கட கோயில் குவயரில பாடுற றொசாந்தி. என்ன வருத்தமெண்டு அவவுக்குச் சொன்னா, பூசையில அறிவித்தல் வாசிச்ச மாதிரி,” என்பார். தனக்குப் போகாதவர் ஓணானுக்குப் போகிறார்!

இது போதாதென்று, கொஞ்ச நாளாகப் பூசை முழுவதையும் நின்றபடியே காண்கிறார். சுவாமியார் அதைப் பிரசங்கத்திலேயே உதாரணம் காட்டினார். பங்கே நெகிழ்ந்தது. இம்மாகுலேற் மட்டும், இந்த மனிதர் யார் கண்ணில் பட இப்படி நிற்கிறார் என்று கடைசி வாங்கில் இருப்பவர்கள்வரை திரும்பிப் பார்த்தாள்.

குசினி மேசையில் அவருடைய போன் மினுங்கியது. பூட்டியிருந்த திரையில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது. அனுப்பியவர் மிதுஷா.

‘படம் தெளிவில்லை, அங்கிள். நல்ல வெளிச்சத்தில, கிட்ட வைச்சு எடுத்து அனுப்புங்கோ.’

இம்மாகுலேற்றின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. செபமாலைமுத்து வந்தார், வாசித்தார், போனை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். குளியலறைப் பூட்டு விழுந்தது. ‘கிளிக்.’

சீசர் கூட்டுக்குள்தான் இருந்தது. ஒரு கண்ணால் அவளையும் மற்றக் கண்ணால் மாடிப்படியையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் அவர் சபைக் கூட்டத்துக்குப் போனதும், சீசரைக் கூட்டோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மிதுஷா சீசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இவருக்கு ஒரு குறையுமில்லை, அன்ரி. அண்டைக்குத் தைச்சது வடிவா ஆறீட்டுது. பிறகு வெளியில வரவே இல்லை.”

“அப்ப என்ர மனுசன் இஞ்ச என்னத்துக்கு ஓடி ஓடி வாறவர்?” என்றாள் இம்மாகுலேற். “பிள்ளை, இந்த வயசில என்னால தனிச்சு நிக்க ஏலாது. ஒளிக்காமல் சொல்லு. நேற்று உனக்கு என்ன படம் அனுப்பினவர்?”

மிதுஷாவின் முகம் சிவந்தது. எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“நீங்கள் வந்தது நல்லதாப் போச்சு, அன்ரி. அங்கிளுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்ல. ஒவ்வொரு முறையும் ‘வந்தது, இப்ப உள்ள போட்டுது’ எண்டுவார். அதுதான் படம் கேட்டனான். முதல் படத்தில ஒண்டும் விளங்கேல்ல. ரெண்டாவதில நல்லா விளங்கிச்சுது.”

“என்ன விளங்கிச்சுது?”

“குடல் பெரிசா வெளியில வந்திருக்கு. இதுக்கு இனிச் சீனி சரிவராது, விட்டா ஆபத்து. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

இம்மாகுலேற் மேசையில் நின்ற சீசரைப் பார்த்தாள். “இதுக்கு ஒரு குறையுமில்லை எண்டு இப்பத்தானே சொன்னனீ?”

மிதுஷா குரலைத் தாழ்த்தினாள்.

“ஓணானுக்கு மயிர் முளைக்காது, அன்ரி.”