செருப்புக்குள் கடிதம்

மெய்நோங் ஊர்முனையில், எழுத்துள்ள காகிதங்களை மரியாதையோடு எரிக்கும் செங்கல் மண்டபத்தின் முன்னே, காலை வெயிலில் வாத்தியார் ஜுங் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஊதுபத்தி வைக்கக் குனிந்தபோது அவருடைய துணிச்செருப்பின் அடி பிளந்துவிட்டது. பிளவுக்குள்ளிருந்து மடித்த காகிதம் எட்டிப்பார்க்கிறது. வீடு வீடாகப் போய்க் காகிதம் சேகரிக்கும் ஆதிங் மூங்கில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, “எழுத்தை மிதிக்கக் கூடாதுன்னு எங்க பிள்ளைங்களைப் பிரம்பால அடிச்சவர் நீங்கதானே, வாத்தியாரே?” என்கிறார். ஊதுபத்தி வைக்க வந்து நிற்கும் ஊராரில் யாரோ இருமுகிறார்கள். ஜுங் காகிதத்தை உருவிப் பிரிக்கிறார். வியர்வையில் ஊறிப் பழுப்பேறியிருந்தாலும் கையெழுத்து அவருடையதுதான். போன வருஷம் பரீட்சைக்குப் போன ஊரிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதம். “யார்கிட்டயாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலையா?” என்று பக்கத்தில் நிற்கும் சியூமெய்யிடம் மெல்லக் கேட்கிறார். “புருஷன் எழுதினதை ஊரான்கிட்டயா நீட்டுவேன்? நீங்களே வந்து படிச்சுக் காட்டுவீங்கன்னு இருந்தேன். நீங்க அந்தப் பேச்சையே எடுக்கல. அடிக்கு வைக்கத் துணி பத்தல. உங்க எழுத்து, உங்க காலுக்குத்தானேன்னு வச்சுத் தச்சுட்டேன்.” காகிதத்தை எட்டிப் பார்த்து, “அதுல என்னைப் பத்தி என்னங்க எழுதியிருந்தீங்க?” என்கிறாள். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறார். குளிர், விடுதிச் சோறு, பரீட்சைக் கேள்விகள், மறுபடி குளிர். அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. “நேரத்துக்குச் சாப்பிடுறியான்னு கேட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு அதை மண்டபத்தின் வாய்க்குள் போடுகிறார். சியூமெய் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்கிறாள். புகை மெல்ல மேலே ஏறுகிறது. எரிந்த எழுத்தெல்லாம் வானத்துக்குப் போய்ச் சேரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர். அங்கே இருப்பவர்களுக்கு வாசிக்கத் தெரியும்.