ஹெட்போனுக்குள் குயிலும் தவளையும்

வற்றிய ஏரியின் நடுவே நின்று, ரேடியோ மெக்கானிக் கோதண்டராமன் இறக்கை நீண்ட மாடல் விமானத்தைத் தலைக்கு மேல் தூக்குகிறான். காதில் மாட்டிய ஹெட்போனில் குயில் மாதிரி மெல்லிய கூவல். முழங்காலுக்கு இறக்குகிறான், தவளை மாதிரி தடித்த கத்தல். இரண்டும் ஒட்டாமல் பிரிந்து கேட்கும்வரை, உள்ளே இருக்கும் தீப்பெட்டி அளவு பெட்டியின் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்புகிறான். எட்டு மாதம் ராப்பகலாக அவன் ஈயம் பற்றவைத்துச் செய்த பெட்டி; விமானம் மேலே போனாலும் அதன் சத்தம் ரேடியோ வழியாக ஹெட்போனுக்கு வரும். விமானத்தை ஓட்டுவது சிநேகிதன் பலராமன். அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கேட்டுச் சொல்வது இவன். மலைமேல் சாயும் வெயிலில் கண் கூசும்போது பலராமனுக்கு இவன் வாய்ச்சொல்தான் கண். விமானம் கிளம்பி, வெயிலுக்குள் போய்க் கரைகிறது. பெங்களூர் மாடல் விமானக் கிளப்பிலிருந்து வந்திருக்கிற பெரியவர், "அந்தச் சத்தம் போடுற பெட்டி யார் செஞ்சது?" என்கிறார். "நானேதாங்க. அவன் சும்மா ஒத்தாசைக்கு வந்தவன்" என்கிறான் பலராமன், ஹெட்போன் மாட்டியவனுக்குக் கேட்காது என்ற தைரியத்தில். கோதண்டராமனின் ஒரு காது திறந்துதான் இருக்கிறது. திருப்புளியைப் பிடித்த விரல்கள் வெளுக்கின்றன. "ஒண்ணுமே தெரியல, இன்னாடா மச்சான், ஏறுதா?" பலராமன் ரிமோட்டை இறுக்கியபடி கத்துகிறான். மூடிய காதில் தவளை விடாமல் கத்துகிறது. "ஏறுது" என்கிறான் கோதண்டராமன்.