சீனிக் கதவு

வாசலில் ஹிதாயா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் நஸீர் பட்டி பூசும் தகட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு குசினியில் அடுப்புக்கும் அலுமாரிக்கும் நடுவில் நின்றார். பரிசு வாங்க மேடையேறியவரின் களை முகத்தில்.

களைக்கு நியாயம் இருந்தது. அந்தக் குசினி அலுமாரிக் கதவுகளுக்காக மனைவியிடம் அவர் வாங்காத ஏச்சு இல்லை. உடைத்த வீடுகளில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கி வந்து மாட்டியவை. மரத்தில் குடைந்த கோலம் ஒன்றில் அலை, ஒன்றில் கட்டம், ஒன்றில் பூ. ஒரு கதவுக்கும் மற்றதுக்கும் சொந்தபந்தமே இல்லை.

வீடு ஹிதாயாவின் சீதனம். கதவுகள் மட்டும்தான் நஸீருடையவை. ஆகவே ஏச்சும் அவருக்கே சொந்தம்.

போன வருசம் திடீரென்று ஏச்சு நின்றுபோனது. அலுத்துப்போய் விட்டுவிட்டாள் என்று நினைத்தார். போதாக்குறைக்கு, போகும்போதும் வரும்போதும் அந்தக் கதவுகளைத் தடவிக்கொடுக்கவும் தொடங்கிவிட்டாள். ஏச்சு விழாத வீடு நஸீருக்கு என்னவோ போல் இருந்தது. அவள் குறையைத் தீர்த்துவிட்டால் பழைய கலகலப்புத் திரும்பும் என்று பட்டது.

அதனால்தான் இன்று அவள் ஏறாவூருக்குக் கூடப்பிறந்த ராத்தாவைப் பார்க்கப் போன கையோடு பட்டியைக் குழைத்தார். கோடு, பள்ளம், பூவிதழ் எல்லாவற்றையும் அடைத்து மட்டமாக வழித்துவிட்டார். இப்போது எல்லாக் கதவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நாளைக்கு ஒரு பூச்சுப் பெயின்ட், அவ்வளவுதான் வேலை.

ஹிதாயா உள்ளே வந்தாள். கதவுகளுக்கு நேரே நின்று மூக்கைச் சுருக்கினாள்.

"றிஸானாட வாப்பா, இதென்ன மணம்? பெயின்ட் டின்னத் தொறந்து வெச்சிரிக்கீங்களா?"

மண்ணிறக் கதவில் வெள்ளை வெள்ளையாய்ப் பட்டி பல்லை இளிக்கிறது. இவள் மணத்தை விசாரிக்கிறாள். நடிப்பில் கெட்டிக்காரிதான். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறாள் பார்ப்போம் என்று நஸீர் வாயை இறுக்கிக்கொண்டார்.

அவள் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தபடி ராத்தாவின் கதையைத் தொடங்கினாள். ராத்தாவுக்குக் கண் மங்கியதும் பிள்ளைகள் குசினிப் பக்கமே விடுவதில்லையாம். முன் விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு இருத்திவிட்டார்களாம். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி, பாவம்.

சொல்லிக்கொண்டே கை முதல் கதவுக்குப் போனது. அடுத்ததற்கு வழுக்கியது. அதற்கடுத்ததில் நின்றது. கதையும் நின்றது. விரல்கள் திரும்பி வந்தன, மறுபடி போயின, விழுந்த ஊசியைத் தேடுவதுபோல. பிறகு ஏதோ ஒரு கதவைத் திறந்தாள்.

நஸீரின் சிரிப்பு அடங்கியது.

கட்டக் கதவுக்குள் சீனி. அலைக் கதவுக்குள் உப்பு. ஒரு வருசமாக அவள் கதவுகளை ஏன் தடவினாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மகள் றிஸானாவுக்குத் தெரிந்தால் இங்கேயும் ஒரு கதிரை விழும். அந்தப் பயத்தில் புருசனிடம்கூட மூச்சு விடாமல் இருந்திருக்கிறாள்.

தேத்தண்ணி வந்தது. முதல் மிடறிலேயே உப்புக் கரித்தது.

"சீனி காணுமா, இன்னும் போடவா?"

"காணும்," என்றார் நஸீர். அடிமண்டி வரை குடித்து முடித்துவிட்டு, கோப்பையை வைத்தார். "இந்தக் கதவுக் கோடெல்லாம் இண்டைக்கு அடைச்சுப் பாத்தன் புள்ள. வடிவில்ல. பழையபடி தோண்டி எடுக்கப் போறன்."

ஹிதாயா விரலில் ஒட்டியிருந்த பட்டியை முந்தானையில் துடைத்தாள்.

"உருப்படியா ஒரு வேலையாவது முடிச்சிரிக்கீங்களா நீங்க?" என்று சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு விழுந்த ஏச்சு.

கண் டொக்டரிடம் கூட்டிப்போக நாளைக்கு ஒரு சாட்டுத் தேடலாம். பட்டி இன்னும் காயவில்லை. நஸீர் சீனிக் கதவிலிருந்து தொடங்கினார்.